பன்னாட்டுச் சட்டம், மனித உரிமைகள்: ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் வர விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சட்டக் கல்லூரி மாணவர்களும், எல்.எல்.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களும், சில ஆண்டுகள் நீதிமன்றத்தில் பழகிவிட்டுக் கற்பிக்க வர நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் இந்திய நடைமுறையை வைத்தே பதில் தந்திருக்கிறோம். இலங்கை மாணவர்களுக்கு எது வேறுபடும் என்பதைத் தனியே சொல்லியிருக்கிறோம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுவதும் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

இந்தத் துறையில் கல்விப் பணி என்றால் அன்றாடம் என்ன வேலை?

வகுப்பெடுப்பது, விடைத்தாள் திருத்துவது, மாணவர்களின் ஆய்வேடுகளை வழிநடத்துவது ஆகியவற்றில் பாதி நேரம் போகும். மீதி நேரத்தில்தான் உடன்படிக்கைகள், தீர்ப்புகள், ஐ.நா. ஆவணங்கள் ஆகியவற்றைப் படித்துக் கட்டுரை எழுத முடியும். அதோடு மூட் கோர்ட் (மாணவர்கள் வாதிடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) அணியைத் தயார்ப்படுத்துவது, கருத்தரங்கு நடத்துவது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கோப்பு அடுக்குவது எல்லாம் உண்டு. ஜெனீவாவில் உரையாற்றும் படத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிட உரைக்குப் பின்னால் பல ஆண்டு நூலக உழைப்பு இருக்கிறது. ஆவணங்களை உட்கார்ந்து படிப்பதில் இன்பம் காண்பவருக்கு இது அருமையான வாழ்க்கை. படிக்கப் பொறுமையில்லாமல் நியாய உணர்வு மட்டும் மேலோங்கியிருப்பவருக்குக் களப் பணியோ வழக்காடலோதான் பொருந்தும். அவையும் இதற்குக் குறைந்தவை அல்ல.

மனித உரிமையை மட்டும் சிறப்புப் பாடமாக எடுத்தால் போதாதா?

போதாது. மனித உரிமைச் சட்டம் பன்னாட்டுச் சட்டத்தின் ஒரு கிளை. உடன்படிக்கையை எப்படிப் பொருள்கொள்வது, வழக்காற்றுச் சட்டம் (நாடுகள் கடமையாகக் கருதிப் பின்பற்றும் நடைமுறை) எப்படி உருவாகிறது, அரசின் பொறுப்பு எப்போது எழுகிறது ஆகிய மூன்றும் தெரியாமல் உரிமைகளைப் பற்றி எழுதினால் கட்டுரை வேண்டுகோளாகத்தான் இருக்கும், சட்ட வாதமாக ஆகாது. பன்னாட்டுச் சட்டத்தின் மூலங்களைச் சொல்லும் சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியின் 38ஆம் உறுப்பையும், உடன்படிக்கைகளைப் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் பொருள்கோளைச் சொல்லும் 31, 32 ஆகிய உறுப்புகளையும் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு முதலில் படியுங்கள். இந்தியா வியன்னா உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் 31ஆம் உறுப்பின் பொருள்கோள் விதி வழக்காற்றுச் சட்டமாகவும் நிற்பதால் உச்ச நீதிமன்றம் 2011இல் ராம் ஜெத்மலானி வழக்கில் அதை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டது. சேராத உடன்படிக்கை ஒரு நாட்டை எப்படித் தொடுகிறது என்ற இந்த ஒரு கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டாலே பாதிப் பாடம் கைவசமாகிவிடும்.

மாணவர்கள் அதிகம் குழம்புவது எங்கே?

பெயர்களில். மனித உரிமைப் பேரவை என்பது 47 நாடுகள் உறுப்பினராக உள்ள அரசியல் அமைப்பு. மனித உரிமைக் குழு என்பது குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் 18 வல்லுநர்களின் குழு. தமிழ் நாளிதழ்கள் இரண்டையும் கலந்தே எழுதுகின்றன. அதே போல நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்பது 15 நீதிபதிகள் கொண்ட சர்வதேச நீதிமன்றம்; தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இரண்டும் ஹேக் நகரில் இருப்பதால் குழப்பம் கூடுகிறது.

அடுத்த குழப்பம் எதற்கு எவ்வளவு சட்ட வலு என்பதில் வருகிறது. 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் உடன்படிக்கை அல்ல. 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த இரண்டு உடன்படிக்கைகள்தான் (ஒன்று குடிமை, அரசியல் உரிமைகள் பற்றியது; மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றியது) சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. இந்தியா 1979இல் இரண்டிலும் சேர்ந்தது. குழுக்கள் வெளியிடும் பொதுக் கருத்துரைகள் பொருள்கோளுக்கு மதிப்புள்ள சான்று, ஆனால் தீர்ப்பு அல்ல. 'ஐ.நா. உத்தரவிட்டது' என்று எழுதும் முன் எந்த உறுப்பு, எந்த அதிகாரத்தின் கீழ், என்ன வகை ஆவணத்தில் என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நேர்காணலில் ஒருவரைச் சறுக்கவைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

எல்.எல்.பி. படிக்கும்போதே என்ன செய்யலாம்?

பன்னாட்டுச் சட்டத்துக்கான ஜெசப் மூட் போட்டியில் ஒரு முறையாவது கலந்துகொள்ளுங்கள். வழக்கு விவரம் செப்டம்பர் வாக்கில் வரும், நாட்டளவிலான சுற்று அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும். மனுதாரர், எதிர்மனுதாரர் ஆகிய இரு தரப்புக்கும் மெமோரியல் எனும் எழுத்து வாதம் எழுத வேண்டும். ஒரு சுற்றில் அணிக்கு 45 நிமிடம். பேச்சுத் திறமைதான் முக்கியம் என்று நினைத்துப் பலர் தயங்கி ஒதுங்குகிறார்கள். உண்மையில் அந்த நான்கு மாதமும் தேடிப் படிப்பதுதான் வேலை. ஒரே நிலைப்பாட்டை இரண்டு பக்கமிருந்தும் எழுதிப் பார்த்தவரின் ஆய்வுக் கட்டுரையில் எதிர்வாதத்துக்குத் தவறாமல் இடமிருக்கும்.

கல்லூரியில் மூட் அணி இல்லாவிட்டால் ஐ.நா.வின் ஒளி-ஒலி நூலகம் இருக்கிறது. பன்னாட்டுச் சட்டத்தின் முன்னணி அறிஞர்களும் நீதிபதிகளும் ஆற்றிய விரிவுரைகள் அங்கே இலவசம். வாரம் ஒரு விரிவுரை கேட்டு, அதில் குறிப்பிடப்படும் ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்தால் ஓராண்டில் ஐம்பது தீர்ப்பு ஆகிவிடும். தீர்ப்பின் சுருக்கத்தைப் படிப்பதைத் தீர்ப்பைப் படித்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எல்.எல்.எம். எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பன்னாட்டுச் சட்டத்தையும் மனித உரிமைக் கல்வியையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத் துறைக்கு இந்தத் துறையில் பழைய வேர் உண்டு. 1950களில் அங்கே பேராசிரியராக இருந்த, போலந்தைப் பூர்வீகமாகக் கொண்ட சார்லஸ் அலெக்சாந்த்ரோவிச், ஐரோப்பியர்கள் ஆசிய அரசர்களைச் சமமான தரப்பாக மதித்துச் செய்த பழைய உடன்படிக்கைகளைத் தேடி எடுத்தார். பன்னாட்டுச் சட்டம் ஐரோப்பாவின் தனிச் சொத்து அல்ல என்று அவற்றைக் கொண்டு வாதிட்டார். அந்த ஆய்வு நடந்த ஊர் சென்னை என்பது இங்கே படிக்கிற பலருக்குத் தெரிவதில்லை.

வெளியே போக முடிந்தவர்கள் டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகத்தையும், முனைவர் பட்டத்துக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுச் சட்ட ஆய்வு மையத்தையும் பாருங்கள். எந்தக் கல்லூரி என்பதைவிட உங்கள் தலைப்பில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்பது முக்கியம். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓராண்டா ஈராண்டா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: ஆசிரியப் பணிதான் குறி என்றால், கிடைக்குமானால் ஈராண்டு. ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்கு நான்கைந்து மாதம்கூடக் கிடைப்பதில்லை. பார் கவுன்சில் 2020ஆம் ஆண்டு விதிகளில் ஓராண்டு எல்.எல்.எம். படிப்பை நிறுத்த முயன்று, அது உச்ச நீதிமன்றம் வரை போனதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் எல்.எல்.எம். படித்தால் மதிப்பு கூடுமா?

நல்ல இடமாக இருந்தால் கூடும். இங்கிலாந்தின் எசெக்ஸ், நெதர்லாந்தின் லெய்டன், சுவீடனின் லுண்ட், ஜெனீவா அகாடமி ஆகியவை இந்தத் துறையில் பேர்பெற்றவை. ஆனால் கடன் வாங்கிப் போகாதீர்கள். உதவிப் பேராசிரியர் சம்பளத்தில் முப்பது, நாற்பது லட்சம் ரூபாய்க் கடனை அடைப்பது ஆய்வு செய்ய வேண்டிய பத்தாண்டுகளை விழுங்கிவிடும்.

உதவித்தொகை என்றால் செவனிங், காமன்வெல்த், ஃபுல்பிரைட்–நேரு, எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவை தெரிந்த பெயர்கள். செவனிங்குக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் உண்டு. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்டால் வெறும் நற்சான்றிதழ்தான் கிடைக்கும். ஆறு வாரம் முன்பே கேளுங்கள், கூடவே உங்கள் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையும் அனுப்புங்கள்.

இன்னொன்று. திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். ஓராண்டு வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதில் இங்கே தகராறு இருந்துவருகிறது. பாடத்திட்டம், கிரெடிட் விவரம், சேர்ந்த நாளும் முடித்த நாளும் குறித்த கடிதம் ஆகியவற்றைப் பல்கலைக்கழக முத்திரையோடு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும்.

நெட் தேர்வில் எந்தப் பாடத்தை எடுப்பது?

நெட் என்பது கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வு. எல்.எல்.எம். முடித்தவர் சட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்; பாடக் குறியீடு 58. 'மனித உரிமைகளும் கடமைகளும்' என்று 92ஆம் குறியீட்டில் தனிப்பாடம் உண்டு, ஆனால் அதற்கான பணியிடங்கள் மிகக் குறைவு. சட்டத் தாளின் பத்து அலகுகளில் மூன்றாவது அலகு பன்னாட்டுச் சட்டமும் மனிதாபிமானச் சட்டமும் (போர்க்காலச் சட்டம்). எட்டாவது அலகில் சுற்றுச்சூழலோடு மனித உரிமை வருகிறது. சிறப்புப் பாடத்தை மட்டும் நம்பி உட்காருகிறவர்கள் தோற்பது குற்றவியல், குடும்பச் சட்டம், வணிகச் சட்டம் போன்ற மற்ற எட்டு அலகுகளில்தான்.

முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி. மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடாதீர்கள். அதே தேர்வின் வழி கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.-க்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுத் தளர்வு இருப்பது பலருக்குத் தெரியாமல் வயது கடந்துவிட்டதென்று விட்டுவிடுகிறார்கள். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து அதன் மேல்நிலையான எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய். 2024 ஜூன் சுழற்சியிலிருந்து நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு அதில் 70 விழுக்காடு நெட், 30 விழுக்காடு நேர்காணல்.

முனைவர் பட்டத்துக்கு எவ்வளவு காலம் ஆகும்?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. மறுபதிவில் இன்னும் இரண்டாண்டும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டும் கிடைக்கும். கோர்ஸ்வொர்க் (ஆய்வின் தொடக்கத்தில் படிக்கும் வகுப்புப் பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட். நெறியாளராகப் பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் எடுக்கலாம். உங்களுக்குப் பிடித்த நெறியாளரிடம் இடம் காலியாக உள்ளதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் நான்காண்டுச் சம்பள வேலை. பணியிட விளம்பரத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் இடம் கிடைப்பது ஒன்று, பணம் கிடைப்பது வேறு. இடம் கிடைத்தது என்று கொண்டாடிவிட்டுப் பணமில்லாமல் நிற்பவர்கள் ஏராளம். அமெரிக்காவின் சட்ட முனைவர் பட்டமான எஸ்.ஜே.டி.க்குப் பல பல்கலைக்கழகங்கள் தங்களிடம் எல்.எல்.எம். படித்தவர்களையே முதலில் பார்க்கும்.

திருட்டெழுத்து விதியையும் முதல் நாளே படியுங்கள். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. 10 முதல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60க்கு மேல் பதிவு ரத்து. சட்ட ஆய்வேடுகளில் இந்த எண்ணை ஏற்றுவது பெரும்பாலும் உடன்படிக்கை வாசகங்களும் தீர்ப்புப் பகுதிகளும்தான். மேற்கோள் குறிக்குள் போட்டு அடிக்குறிப்பும் கொடுத்தால் அவற்றை விலக்கிக் கணக்கிடலாம். மேற்கோள் குறியை விட்டுவிட்டால் மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது.

நல்ல ஆய்வுத் தலைப்பு எப்படி இருக்கும்?

இந்தப் பக்கத்தில் ஒரே பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

'இலங்கைத் தமிழ் அகதிகளின் மனித உரிமைகள்: ஓர் ஆய்வு' என்பது தலைப்பு அல்ல. அது ஒரு நூலக அலமாரியின் பெயர். ஆய்வுத் தலைப்புக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற விடையும் வரக்கூடியதாக இருக்க வேண்டும். அதே பொருளை இப்படிக் குறுக்கலாம்: 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத இந்தியாவை, ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பியனுப்பக் கூடாது என்ற கடமை, குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு வழியாகக் கட்டுப்படுத்துகிறதா? இப்போது என்னென்ன படிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது. சித்திரவதையைத் தடைசெய்யும் 7ஆம் உறுப்பின் பொருள்கோள், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யாமல் இருக்கும் நிலை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) கீழ் உயர் நீதிமன்றங்கள் தந்த தீர்ப்புகள், 1992இல் திருப்பியனுப்புதலை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, அதன் பிறகு அகதிகள் விருப்பத்தோடுதான் திரும்புகிறார்களா என்று சரிபார்க்க ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். ஏற்ற பங்கு.

இன்னொன்று, பாக் நீரிணை. 1974, 1976 ஆண்டுகளின் இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள் 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கைக்கு முந்தியவை. பிந்தைய உடன்படிக்கையின் வழக்கமான மீன்பிடி உரிமை பற்றிய கருத்துகளை முந்தைய ஒப்பந்தங்களுக்குள் எவ்வளவு தூரம் படிக்கலாம்? இழுவைமடிப் படகால் கடலடி சேதமாகும்போது ராமேசுவரம் மீனவரின் வாழ்வாதார உரிமையும் யாழ்ப்பாண மீனவரின் வாழ்வாதார உரிமையும் எப்படி எதிரெதிரே நிற்கின்றன? இரண்டு பக்கமும் தமிழர் என்பதாலேயே இதை நேர்மையாக எழுதுவது கடினம். அதனாலேயே எழுதப்பட வேண்டியதும்கூட.

மூன்றாவது, சிங்கராசா வழக்கு. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் முடிவு சொன்னது. அந்தக் குழுவுக்குத் தனிமனித முறையீட்டை அனுமதித்த விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. பன்னாட்டளவில் கட்டுண்ட அரசு, உள்நாட்டில் கட்டுப்படவில்லை. இப்படிப்பட்ட இடைவெளி ஒரு முழு ஆய்வேட்டைத் தாங்கும்.

மூன்றிலும் பொதுவானது ஒன்றுண்டு. அவற்றின் மூல ஆவணங்களில் ஒரு பகுதி தமிழில் இருக்கிறது. வாக்குமூலங்கள், மீனவர் சங்கத் தீர்மானங்கள், உள்ளூர் நாளிதழ்கள், முகாம் மனுக்கள் ஆகியவற்றை லெய்டனிலோ ஜெனீவாவிலோ இருப்பவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தொட முடியாது. நீங்கள் நேராகப் படிக்கலாம். முறையை எவரிடமிருந்தும் கற்கலாம். இந்தச் சான்றுகள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இலங்கையரான நீதிபதி கிறிஸ்டபர் வீரமந்திரி 1997இல் தன்யூப் அணை வழக்கில் எழுதிய தனிக் கருத்தில், நீடித்த வளர்ச்சி என்ற கோட்பாட்டுக்குச் சான்றாக இலங்கையின் பழங்காலக் குளங்களையும் பாசனமுறையையும் எடுத்துவைத்தார். ஹேக் நீதிமன்ற ஏட்டில் ஏரியும் குளமும் சட்டச் சான்றாக ஏறியது அப்படித்தான்.

ஆய்வு முன்மொழிவில் என்னென்ன இருக்க வேண்டும்? எங்கே தவறுகிறார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 சொல் வரை கேட்கும். இங்கே சினாப்சிஸ் எனும் ஆய்வுச் சுருக்கம் 15, 20 பக்கம் போகும். முதல் பத்தியிலேயே கேள்வி வந்துவிட வேண்டும். பிறகு, இதுவரை எழுதியவர்கள் என்ன சொன்னார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது. 'இத்தலைப்பில் எவரும் ஆய்வு செய்யவில்லை' என்று எழுதாதீர்கள், தேடவில்லை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அடுத்து, எந்த ஆவணங்கள், எந்தக் காலம் முதல் எந்தக் காலம் வரை, எந்த நீதிமன்றங்கள்.

முறையியல் பகுதியில் 'கோட்பாட்டு முறையும் அனுபவ முறையும் பயன்படுத்தப்படும்' என்ற ஒற்றை வரியைப் பார்த்துப் பார்த்துத் தேர்வாளர்கள் சலித்துப்போனார்கள். நாற்பது தீர்ப்புகளைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் நாற்பது எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று சொல்லுங்கள். நேர்காணல் என்றால் யாரை, எத்தனை பேரை, யார் அனுமதியுடன் என்று சொல்லுங்கள். விடையை முன்கூட்டியே எழுதிவிடுவதும் பெரிய தவறு. 'உரிமை மீறல் நடக்கிறது என்பதை நிறுவுவதே நோக்கம்' என்று தொடங்கும் முன்மொழிவில் ஆராய எதுவும் மீதியில்லை.

ஐ.நா. ஆவணங்களை எப்படித் தேடுவது?

ஆவணக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சி.சி.பி.ஆர்/சி/ஐ.என்.டி/சி.ஓ/4 என்ற குறியீட்டில் முதற்பகுதி உடன்படிக்கை, அடுத்த 'சி' குழு, பிறகு நாடு இந்தியா, 'சி.ஓ' என்பது குழுவின் முடிவுரைக் கருத்துகள், 4 என்பது நான்காவது அறிக்கை. 1997க்குப் பிறகு 2024இல்தான் இந்தியா அந்தக் குழுவின் முன் ஆய்வுக்கு வந்தது. அந்த நீண்ட இடைவெளியும் ஓர் ஆய்வுப் பொருளே. ஐ.நா. மின்னூலகம், உடன்படிக்கைத் தொகுப்புத் தளம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஹூடோக் தளம், வழக்காற்று மனிதாபிமானச் சட்டத்தின் 161 விதிகளை வைத்திருக்கும் செஞ்சிலுவைக் குழுவின் தளம் ஆகிய நான்கும் இலவசம். ஒரு நாடு உடன்படிக்கையில் சேர்ந்துள்ளதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அதே பக்கத்தின் கீழே இருக்கும் ஒதுக்கீடுகளையும் (சில உறுப்புகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு நாடு சொல்லிவைப்பது) விளக்க அறிவிப்புகளையும் படியுங்கள். அந்த இரண்டு உரிமை உடன்படிக்கைகளிலும் உள்ள, சுயநிர்ணய உரிமை பற்றிய 1ஆம் உறுப்புக்கு இந்தியா செய்த அறிவிப்பைக் காணாமல் எழுதிய கட்டுரைகள் பல உண்டு.

பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் மிகவும் உதவும். சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். அதன் தீர்ப்பு ஏடுகள் ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என அச்சாவதால் அவற்றையே மொழிப் பாடமாகவும் வைத்துக்கொள்ளலாம். படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இரண்டாண்டு போதும்.

கட்டுரைகளை எங்கே வெளியிடுவது?

முதல் கட்டுரைக்கு இந்தியப் பன்னாட்டுச் சட்டக் கழகம் 1960 முதல் நடத்தும் ஆய்விதழும், ஆசியப் பன்னாட்டுச் சட்ட ஆய்விதழும் நல்ல குறிகள். முழுக்கட்டுரை பெரும்பாலும் 8,000 முதல் 12,000 சொல். மறைமுக மதிப்பாய்வுக்கு (எழுதியவர் பெயரை மறைத்து வல்லுநர்கள் செய்யும் மதிப்பாய்வு) மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், கூடவும் ஆகலாம். மதிப்பாய்வு இதழ்களில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் மாணவர்கள் நடத்தும் சட்ட இதழ்களுக்கு மட்டும் அது வழக்கம். இந்த வேறுபாடு தெரியாமல் அனுப்பிப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், 2,000 ரூபாய் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அழித்துவிடுங்கள். இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. தரமான இதழ்கள் எவை என்று சொன்ன தன் கேர் பட்டியலை யு.ஜி.சி. 2025இல் கைவிட்டுவிட்டது. எது நல்ல இதழ் என்று நீங்களே எடைபோட வேண்டிய காலம் இது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அத்துறையில் எழுதுகிறவர்களா, நீங்கள் மதிக்கும் கட்டுரைகள் அந்த இதழை மேற்கோள் காட்டுகின்றனவா என்று பாருங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயம் 2022 விதியில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியே வைத்திருக்கலாம்.

ஹேக், ஜெனீவா பயிற்சிகளுக்கு இங்கிருந்து போக முடியுமா?

முடியும். 1923இல் தொடங்கிய ஹேக் பன்னாட்டுச் சட்ட அகாடமி அமைதி மாளிகையில் கோடைப் பாடங்கள் நடத்துகிறது. பொதுப் பன்னாட்டுச் சட்டம் மூன்று வாரம், தனியார் பன்னாட்டுச் சட்டம் மூன்று வாரம். உதவித்தொகை உண்டு, விமானச் செலவைத் தனியே தேட வேண்டியிருக்கும். ஜெனீவாவில் பன்னாட்டுச் சட்ட ஆணையம் கூடும்போது இளம் சட்ட அறிஞர்களுக்கான கருத்தரங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. ஆசிய–பசிபிக் பகுதிக்கென ஐ.நா. வட்டாரப் பயிற்சியும் உண்டு. வகுப்புகளைவிட அமைதி மாளிகை நூலகத்தில் செலவழிக்கும் மாலைகள் உங்களுக்கு அதிகம் தரும். இங்கே கிடைக்காத நூல்களின் பட்டியலோடு போங்கள்.

பேராசிரியராக இருந்துகொண்டே வழக்காடலாமா?

முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் வழக்கறிஞர் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். மாறாக, தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம்.

சம்பளம் எவ்வளவு?

யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், மேலே படிகள். கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019இல் சொன்னது வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நடைமுறையில் பல இடங்களில் இதைவிடக் குறைவு. தனியார் கல்லூரியில் சேரும் முன் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் கற்பித்துக்கொண்டு ஆய்வேடு எழுதுவது மிகக் கடினம். அரசு சட்டக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. அறிவிக்கை எப்போதாவதுதான் வருகிறது, சான்றிதழ்களை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

ஐ.நா.வில் வேலை கிடைக்குமா?

நேராகக் கிடைப்பது அரிது. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு ஊதியமில்லை; ஜெனீவா வாழ்க்கைச் செலவோ மிகப் பெரிது. பலர் நினைப்பதற்கு மாறாக, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களுக்கும் (ஒரு நாட்டையோ ஒரு பொருளையோ ஆராய்ந்து அறிக்கை தர நியமிக்கப்படும் வல்லுநர்கள்) சம்பளம் கிடையாது. பயணச் செலவு மட்டும் உண்டு, பதவி அதிகபட்சம் ஆறாண்டு. அவர்களில் பலர் பல்கலைக்கழகச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள். ராதிகா குமாரசுவாமி 1994இல் பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய முதல் சிறப்பு அறிக்கையாளரானபோது கொழும்பில் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி எழுதிவந்தார். எழுத்துதான் அந்த வாசலைத் திறந்தது.

இலங்கை மாணவர்களுக்கு வழி வேறா?

நெட் கிடையாது. கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற பட்டதாரிகள் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, குறித்த காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடிக்க வேண்டும். அதனால் இளநிலைப் பட்டத்தின் வகுப்பு அங்கே வாழ்நாள் முழுதும் கூடவே வரும். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை அலட்சியமாக எழுதாதீர்கள்.

பாதிக்கப்பட்டவர்களை நேர்காணல் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முகாம்களுக்குள் போக மறுவாழ்வு ஆணையரகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம், அட்டவணையில் சேருங்கள். பல சட்டக் கல்லூரிகளில் ஆய்வு நெறிக் குழு இல்லை. இல்லாவிட்டாலும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில், எளிய நடையில் எழுதிப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட அஞ்சுகிறவரிடம் வாய்மொழி ஒப்புதல் போதும். பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ஊர், தொழில், காணாமல்போன உறவினர், நாள் ஆகியவை சேர்ந்தால் ஒரே ஆளைத்தான் குறிக்கும். ஒலிப்பதிவைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் கடக்காதீர்கள். பெயர்ப்பட்டியலையும் பதிவுகளையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

தன் கதையைச் சொல்கிறவர், அதனால் தனக்கு ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்ப்பார். ஆய்வேடு எதையும் பெற்றுத்தராது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் பேச விரும்பினால் கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் கண்டவற்றைத் தமிழில் நான்கு பக்கமாக எழுதிக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுங்கள்.